மணல் தரையில் விதை போட்டுப் புல்தரை வளர்ப்பது

கேள்வி இது: "வீட்டின் பின்புறம் ஏறக்குறைய 100 சதுர மீட்டர் இடம், முழுக்க மணல். புல்விதை வாங்கி இரண்டு முறை தூவிவிட்டேன். முதல் முறை ஒன்றுமே முளைக்கவில்லை. இரண்டாம் முறை எட்டாம் நாளே பச்சை தட்டியது. மூன்றாம் வாரம் முடிவதற்குள் எல்லாம் காய்ந்து சருகாகிவிட்டது. மேலே நல்ல மண் கொட்டித்தான் ஆக வேண்டுமா, மணலிலேயே புல் வருமா?"

மணலிலேயே வரும். மண் கொட்ட வேண்டாம்; ஏன் என்று பிறகு சொல்கிறேன். இரண்டாம் முறை நீங்கள் அரைக் கிணறு தாண்டியிருக்கிறீர்கள். விதை முளைத்ததென்றால் விதையிலும் குற்றமில்லை, பருவமும் ஒத்து வந்திருக்கிறது. நாற்றுகள் செத்தது முளைத்த பிறகு. மணலில் புல் வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான். பச்சை கண்ணில் பட்டதும் வேலை முடிந்தது என்று குழாயை மூடிவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். மணல் தன் கன அளவில் ஏறக்குறைய 7 சதவீதம் தண்ணீரைத்தான் செடி உறிஞ்சத்தக்க நிலையில் வைத்திருக்கும். மணலும் வண்டலும் களியும் கலந்த இருமண் என்றால் இது 15 சதவீதத்துக்கு மேல் போகும். முளைத்து ஒரு வாரமான புல்லின் வேர் 2 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். அந்த 20 மில்லிமீட்டர் மணலில் அதற்குக் கிடைக்கும் தண்ணீர் வெறும் 1.4 மில்லிமீட்டர். வெயில் நாளில் தரையிலிருந்து ஆவியாகிப் போவதோ 5 மில்லிமீட்டர். காலையில் நன்றாக நனைத்துவிட்டு வேலைக்குப் போகிறீர்கள். நடுப்பகலுக்கு முன்பே நாற்றின் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. மாலையில் திரும்பி வந்து மறுபடி நனைக்கும்போது, அது உயிரோடு இருக்கிறதா என்பதே சந்தேகம். முளைக்காத விதை ஒருநாள் காய்ந்தால் பொறுத்துக்கொள்ளும். முளைவேர் வெளியே வந்துவிட்டால் அந்தப் பொறுமை போய்விடும், காய்ந்தது காய்ந்ததுதான்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்பது 1 லிட்டர். 100 சதுர மீட்டரை ஒரு தடவை 2 மில்லிமீட்டர் நனைக்க 200 லிட்டர், நாளுக்கு நான்கு தடவை என்றால் 800 லிட்டர். மூன்று வாரம் இதை விடாமல் செய்ய உங்களால் முடியுமா என்பதை விதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். முடியாதென்றால் பரப்பைக் குறைத்துக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் முயற்சியில் ஏன் ஒன்றுமே வரவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் தோன்றுகின்றன. ஒன்று, ஆழம். மணல் இளக்கமானது, விதையைத் தூவி வாரியால் இழுத்தால் கண்ணுக்குத் தெரியாமலே 2, 3 சென்டிமீட்டர் உள்ளே போய்விடும். அறுகம்புல் விதை ஒரு கிராமில் 3,000-க்கு மேல் இருக்கும். அவ்வளவு பொடி விதையின் கைச்சேமிப்பு அரை சென்டிமீட்டர் ஏறி வரத்தான் போதும். இரண்டு, மண்ணின் வெப்பம். வெயில் நாட்டுப் புற்களுக்கு மண் 20 பாகை செல்சியசாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே விதை சும்மா கிடக்கும், அதற்குள் எறும்பு சுமந்து போய்விடும். மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: மணலே தண்ணீரை ஏற்காமல் இருக்கலாம். நெடுநாள் காய்ந்து கிடந்த மணலில், மக்கிய இலைதழைகளிலிருந்து வரும் மெழுகு போன்ற பொருள் மணற்பரல்களின் மேல் படிந்துவிடும். தண்ணீர் ஊற்றினால் மேலே ஓடி எங்கோ ஒரு பள்ளத்தில் இறங்கும். பக்கத்திலேயே தோண்டிப் பார்த்தால் பொடிமணல் உலர்ந்தபடி இருக்கும்.

சோதிப்பது எளிது. காய்ந்த மணலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் சரி. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்று, ஐந்து விநாடிக்கு மேல் அப்படியே இருந்தால் மணல் தண்ணீரை விலக்குகிறது என்று பொருள். இந்த நிலையில் எவ்வளவு நல்ல விதை போட்டாலும் திட்டுத் திட்டாகத்தான் முளைக்கும். மட்கிய உரம் கலந்து, சில நாள் மெதுவாகத் திரும்பத் திரும்ப நனைத்தால் பெரும்பாலும் சரியாகும். பிடிவாதமான இடங்களுக்கு நனைப்பான் என்று விற்கப்படும் திரவம் உதவும்.

இப்போது மண் கொட்டும் விஷயம். நான் பட்ட அவதியைச் சொன்னால் போதும். பல ஆண்டுகளுக்கு முன்பு, மணலின் மேல் 8 சென்டிமீட்டருக்குக் களிப்பாங்கான மண்ணைப் பரப்பி அதில் புல் வளர்த்தேன். முதல் ஆறு மாதம் பார்க்கிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அடுத்த கோடையில் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கியபோது ஜமுக்காளம் மாதிரி உரிந்து வந்தது. வேர் ஒன்றுகூட மணலுக்குள் இறங்கவில்லை. நுண்ணிய மண்ணில் இருக்கும் தண்ணீர், கீழே உள்ள பருமணலின் பெரிய இடைவெளிகளுக்குள் தானாக இறங்காது. மேல் அடுக்கு முழுவதும் நிரம்பித் ததும்பிய பிறகுதான் இறங்கும். அதனால் மழையில் மேலே சேறு, கோடையில் மேலே பாளம், கீழே எப்போதும் வறண்ட மணல். வேருக்கு அங்கே என்ன வேலை?

வேடிக்கை என்னவென்றால், இதே இயற்பியலை வைத்துத்தான் கோல்ஃப் மைதானங்களில் பந்துக்குழியைச் சுற்றியுள்ள பசும்பரப்பைக் கட்டுகிறார்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட முறையில், 10 சென்டிமீட்டர் சரளைக் கல்லின் மேல் 30 சென்டிமீட்டர் மணற்கலவை. மணலுக்கும் சரளைக்கும் இடையிலான எல்லையில் தண்ணீர் தொங்கி நின்று வேருக்குக் கிடைக்கிறது. அதிகமானது வடிந்து போகிறது. உலகில் மிக அதிகமாகச் சீராட்டப்படும் புல் வளர்வது மணலில்தான் என்பதை நினைவில் வையுங்கள். மிதித்தாலும் மணல் எளிதில் இறுகாது, வேருக்குக் காற்று தாராளமாகக் கிடைக்கும், மழை விட்ட அரை மணியில் நடக்கலாம். அதனிடம் இல்லாதது சேமிக்கும் குணம் மட்டும்தான். ஆகவே தண்ணீரோ உரமோ, சிறுகச் சிறுக, அடிக்கடி கொடுக்க வேண்டும்.

சேமிக்கும் குணத்தைக் கொஞ்சம் கூட்ட முடியும். அதற்குக் களிமண்ணைத் தேடிப் போகாதீர்கள். சொல்லத்தக்க மாற்றம் வர ஏராளமாகச் சேர்க்க வேண்டியிருக்கும், அதுவும் சீராகக் கலக்காமல் கட்டி கட்டியாகத் தங்கிவிடும். நன்கு மட்கிய கம்போஸ்ட்தான் சரியான பொருள். 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் மணலோடு ஒன்றாகும்படி கொத்திக் கலக்க வேண்டும். உங்கள் இடத்துக்கு இது 5 கன மீட்டர். கேட்கவே மலைப்பாக இருக்கும். 3 சென்டிமீட்டர் போட்டாலும் பலன் உண்டு. மேலே ஒரு அடுக்காக விட்டுவிடுவது மட்டும் கூடாது, மறுபடி அந்த ஜமுக்காளக் கதைதான்.

கம்போஸ்டை மூக்கால் சோதியுங்கள். மழை பெய்த தரையின் வாசனை வந்தால் தயாராகிவிட்டது. நெடி அடித்தாலோ, கைவிட்டால் சூடாக இருந்தாலோ இன்னும் வேகிறது என்று அர்த்தம். களிமண்ணில் அரைகுறைத் தொழு உரம் போட்டாலும் சமாளித்துக்கொள்ளும். மணலில் உப்பும் அமோனியாவும் நேரே நாற்றின் வேரில் போய் நிற்கும். தென்னை நார்க்கழிவும் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும். ஆனால் கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும், மட்காதது மண்ணிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, தானே தின்றுவிடும். கழுவி மட்கவைத்தது கிடைத்தால் கம்போஸ்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள், அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

கலந்த பிறகு உடனே விதைக்கக் கை பரபரக்கும். இரண்டு வாரம் பொறுங்கள். தரையைச் சமன் செய்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால், உள்ளே தூங்கும் களை விதைகளெல்லாம் முளைத்து வரும். அவற்றை மேலோட்டமாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடுத்த அணியை மேலே கொண்டு வருவீர்கள். கோரை இருந்தால் இந்த இரண்டு வாரம் போதாது. இலையைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி துளிர்க்கும். மணலில் ஒரு நன்மை, கிழங்கை முழுதாகத் தோண்டி எடுப்பது எளிது. ஒரு மாதம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, கோரையை முடித்துவிட்டு விதையுங்கள். களை முளைக்காமல் தடுக்கும் மருந்தை விதைப்புக்கு முன் அடிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பெரும்பாலும் அது புல்விதையையும் சேர்த்தே தடுத்துவிடும்.

எந்தப் புல்? வெப்பமான இடம் என்றால் என் முதல் தேர்வு அறுகம்புல்தான். பெர்முடா என்று உறையில் இருக்கும். ஓடுதண்டு விட்டு வெற்றிடத்தைத் தானே மூடிக்கொள்வதால், மணலில் உண்டாகும் சொட்டைகளை அதுவே சரிசெய்துவிடும். நல்ல வெயில் மட்டும் வேண்டும். சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் விதை, முளைக்க 1 முதல் 3 வாரம். உமி நீக்கிய விதை சீக்கிரம் முளைக்கும். டிஃப்வே 419 போன்ற கலப்பின அறுகு விதை பிடிக்காத மலட்டு வகை, தண்டு நட்டுத்தான் வளர்க்க முடியும். அந்தப் பெயரில் யாராவது விதை நீட்டினால் வாங்காதீர்கள். அழகு குறைந்தாலும் பரவாயில்லை, வறட்சி தாங்க வேண்டும் என்றால் பாஹியா புல். சத்தற்ற மணலுக்கென்றே பிறந்தது. வேர் ஆழமாக இறங்கும். அதன் விதை பெரியது, தோல் கெட்டி, முளைக்க நான்கு வாரம்கூட ஆகலாம், சதுர மீட்டருக்கு 25 கிராமுக்குக் குறையாமல் போட வேண்டும். சோய்சியா மெத்தைபோல அழகாக வரும். விதையிலிருந்து தரை மூடுவதற்குள் உங்கள் பொறுமை தீர்ந்துவிடும். குளிர் நாடுகளில் மணலுக்கு ஃபெஸ்கியூ வகைகள் ஏற்றவை, கோடை முடிந்த கையோடு விதைக்க வேண்டும். வெயில் நாட்டுப் புற்களை வெப்பப் பருவத்தின் தொடக்கத்தில்.

பழைய விதை வீட்டில் மிச்சமிருந்தால் எண்ணி 100 விதையை ஈரத் துணியில் சுருட்டி வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு வாரம், பாஹியா என்றால் நான்கு வாரம், வைத்துப் பாருங்கள். பாதிகூட முளைக்காவிட்டால் புதிதாக வாங்குங்கள்.

விதைக்கும் முன் தரையை இறுக்குவது மணலில் மிக முக்கியம். மணல்தானே, இளக்கமாக இருந்தால் வேருக்கு நல்லது என்று தோன்றும். இளகிய மணலில் விதைக்கும் ஈரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். கீழே ஈரம் இருந்தாலும் மேலே ஏறி வராது. நனைத்து, உருளை ஓட்டியோ பலகை போட்டு மிதித்தோ, நடந்தால் கால்தடம் 1 சென்டிமீட்டருக்கு மேல் பதியாத அளவுக்கு இறுக்குங்கள். பிறகு மேல் அரை சென்டிமீட்டரை மட்டும் வாரியால் இலேசாகக் கீறிவிட வேண்டும்.

விதையை அதன் அளவைப்போல நான்கைந்து மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து இரண்டு பங்காக்கிக்கொள்ளுங்கள். ஒரு பங்கைக் கிழக்கு மேற்காக நடந்தும் மறு பங்கைத் தெற்கு வடக்காக நடந்தும் தூவுங்கள். காற்றில்லாத காலை வேளை வேண்டும். வாரியைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் தடவிவிட்டு, மறுபடி ஒருமுறை உருளை. ஆங்காங்கே விதை கண்ணுக்குத் தெரிந்தால் கவலை வேண்டாம், எல்லாம் மறைந்துவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அதன் மேல் சலித்த கம்போஸ்டை 3, 4 மில்லிமீட்டர் தூவுங்கள், அல்லது வைக்கோலை அடியில் பாதித் தரை தெரியும்படி மெல்லிதாக உதறுங்கள். இந்த மூடாக்கு இல்லாமல் மணலில் விதைப்பது வீம்பு. சரிவான இடத்தில் சணல் வலையை விரித்து முளையடித்துவிட்டால் மழை விதையை வாரிக்கொண்டு போகாது. வலை மட்கி மண்ணோடு போய்விடும், எடுக்க வேண்டியதில்லை.

இனி தண்ணீர். முளைக்கும்வரை நாளுக்கு மூன்று நான்கு தடவை, தடவைக்கு 2 மில்லிமீட்டர். 10 லிட்டர் பூவாளி 5 சதுர மீட்டருக்குச் சரியாக இருக்கும். குழாயில் விரலை வைத்துப் பீய்ச்சாதீர்கள், விதை எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, ஆற்றுப்படுகை போல வரிவரியாக முளைக்கும். பொழுது சாய்வதற்கு முன் கடைசித் தடவையை முடித்துவிட்டால் நாற்றழுகலுக்கு வாய்ப்பு குறைவு. வேலைக்குப் போகிறவர் என்றால் நேரக்கட்டுப்பாட்டு வால்வும் இரண்டு தெளிப்பானும் வாங்கி வையுங்கள். மொத்த முயற்சியில் இதைவிட உருப்படியான செலவு கிடையாது.

பச்சை தட்டிய பிறகு உங்கள் கண்ணை நம்பாதீர்கள், வேரைக் கேளுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு நாற்றைக் கரண்டியால் மணலோடு பெயர்த்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை நூல் மாதிரி ஒரு வேர், அதன் மேல் மணற்பரல்கள் சட்டை போட்டதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒட்டுதல்தான் வேர் மணலிலிருந்து தண்ணீர் உறிஞ்சத் தொடங்கியதற்கு அடையாளம். வேர் 2 சென்டிமீட்டராக இருக்கும்வரை நான்கு தடவையும் தொடர வேண்டும். 5 சென்டிமீட்டரைத் தொட்டால் நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு 3 மில்லிமீட்டர். 8 சென்டிமீட்டருக்கு மேல் போனால் நாளுக்கு ஒன்று, 5 அல்லது 6 மில்லிமீட்டர். நாட்காட்டியைப் பார்த்துக் குறைக்காதீர்கள். வானம் மூடியிருந்த வாரத்தில் வேர் மெதுவாகத்தான் இறங்கும்.

புல் நிலைத்த பிறகும் ஒரு பொது அறிவுரை உங்களைக் குழப்பும்: வாரம் ஒருமுறை 25 மில்லிமீட்டர் ஆழமாகப் பாய்ச்சு என்பார்கள். இருமண்ணுக்கு அது சரியான பேச்சு. மணலில் 15 சென்டிமீட்டர் வேருக்கு எட்டும் இடத்தில் 10 மில்லிமீட்டர்தான் தங்கும். மிச்சம் 15 மில்லிமீட்டர் உரத்தையும் கூட்டிக்கொண்டு கீழே போய்விடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 10, 12 மில்லிமீட்டர் என்பதே மணலுக்கு ஏற்ற கணக்கு. தெளிப்பானுக்கு அடியில் நேர்ச்சுவர் உள்ள நாலைந்து காலி டப்பாக்களை ஆங்காங்கே வைத்து, எத்தனை நிமிடத்தில் 10 மில்லிமீட்டர் சேர்கிறது என்று ஒரு தடவை அளந்துகொண்டால் போதும்.

உரமும் அப்படியே. வழக்கமாக ஒரே தடவையில் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து போடச் சொல்வார்கள். மணலில் அதைப் பாதியாக்கி இரண்டு தடவையாகப் போடுங்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால், 2.5 கிராமுக்கு ஏறக்குறைய 5.4 கிராம் யூரியா. உங்கள் முழு இடத்துக்கும் 540 கிராம். முதல் வெட்டு முடிந்ததும் முதல் தவணை, மூன்று வாரம் கழித்து அடுத்தது. இலை உலர்ந்திருக்கும்போது தூவி, உடனே 4, 5 மில்லிமீட்டர் தண்ணீர் விட வேண்டும். ஈர இலையில் ஒட்டினால் கருக்கிவிடும். கனமழை வரும் நாளில் தூவினால் அது நேரே நிலத்தடி நீருக்குத்தான் போகும், புல்லுக்கல்ல. மெதுவாகக் கரையும் உரம் கிடைத்தால் அதுவே மேல். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) மண் பரிசோதனை சொன்னால் மட்டும், விதைக்கும் முன் போடுங்கள். சாம்பல்சத்து (பொட்டாசியம்) தழைச்சத்தைப் போலவே மணலில் நிற்பதில்லை, அதையும் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும்.

பரிசோதனையில் அமில கார நிலையை (pH) பாருங்கள். 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். கிளிஞ்சல் துண்டுகள் கலந்த மணலில் இது 8-ஐத் தாண்டியிருக்கும். அங்கே இலை நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெளி மஞ்சளாகத் தெரியும். யூரியா எவ்வளவு போட்டாலும் அது மாறாது, ஏனென்றால் குறை இரும்புச்சத்தில். அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட்டை நீர்க்கக் கரைத்து இலைமேல் தெளித்தால் சில நாளில் நிறம் திரும்பும். சோதிக்காமல் சுண்ணாம்பு போடாதீர்கள்.

முதல் வெட்டுக்கு அவசரம் வேண்டாம். அறுகை 3 சென்டிமீட்டரில் வைக்க நினைத்தால் 4.5 சென்டிமீட்டர் வளரட்டும், மேல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டுங்கள். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி, இன்னும் சரியாகப் பிடிக்காத நாற்றை மணலிலிருந்து வேரோடு பிடுங்கிவிடும். முந்தின நாள் தண்ணீரை நிறுத்தினால் சக்கரம் புதையாது. வெட்டிய புல்லை வாரி எடுக்காமல் அங்கேயே விடுங்கள், மணலுக்குக் கிடைக்கும் இலவச உரம் அது. அகலிலைக் களைக்கு மருந்து அடிப்பதை மூன்று நான்கு வெட்டு முடியும்வரை தள்ளிப் போடுங்கள்.

பிறகு ஒருநாள், தண்ணீரும் உரமும் சரியாக இருந்தும் திட்டாக மஞ்சளாகிறது என்றால் அங்கே தோண்டிப் பாருங்கள். வளைந்த வெள்ளைப் புழு கிடைத்தால் வேர்ப்புழு. புழு இல்லாமல் வேர் மட்டும் குட்டையாக, முனை மழுங்கிக் கறுத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவாக இருக்கலாம். மணல் அதற்குப் பிடித்த வீடு. வேரோடு மண்ணை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பாமல் மருந்து வாங்காதீர்கள்.

மூன்றாம் முயற்சியை 100 சதுர மீட்டரிலும் தொடங்காதீர்கள். குழாய்க்குப் பக்கத்தில் 25 சதுர மீட்டரை மட்டும் அளந்து கயிறு கட்டுங்கள். நாளுக்கு 200 லிட்டர், கம்போஸ்ட் ஒன்றேகால் கன மீட்டர். அறுகு என்றால், அந்தத் துண்டு பிடித்துக்கொண்ட பிறகு அதன் ஓடுதண்டுகளையே வெட்டி எடுத்து, ஈரமான மணலில் ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஒரு சாண் இடைவெளியில் ஊன்றிக்கொண்டே மீதி இடத்துக்குப் போகலாம். அதற்கு விதையே வாங்க வேண்டியதில்லை.